பிக்கரிங் ரெயிலில் பவுலின் திருமுகம்

நான் அரபி படிக்கிறேன் என்பதை என் சின்னம்மா யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "பிள்ளை பிரெஞ்சு படிக்குது" என்று சொல்லி வைத்திருந்தார். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண், ஞாயிறு பூசை தவறாதவள், ரொறன்ரோ வந்து அரபி படிக்கிறாள் என்றால் தன் செபக்கூட்டத்துச் சனம் என்ன நினைக்கும் என்பது அவருடைய கவலை. நான் தங்கியிருந்தது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் அவருடைய வீட்டில் என்பதால் அந்தக் கவலையைச் சோற்றோடு சேர்த்தே பரிமாறுவார்.

"உனக்கு வேற பாஷை ஒண்டும் கிடைக்கேல்லையே?"

"இந்து சமுத்திர வியாபாரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறதெண்டால் அரபி வேணும், சின்னம்மா. புரொபெசர் சொல்லிப்போட்டார்."

"ஓம், வியாபாரத்திலதான் தொடங்கும். எதில போய் முடியுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

முடிந்ததும் ஒரு கோயிலில்தான். அது வேறு கதை, இல்லை, இந்தக் கதைதான்.

வகுப்பில் இலக்கணமும் பொருளும் எனக்குக் கைவந்த கலை. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மட்டும் நொண்டியடிப்பேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் நேர்மாறு. தாய் தகப்பன் புத்தளம், அவள் பிறந்தது ஸ்காபரோ. சின்ன வயதிலிருந்தே பள்ளிவாசல் வகுப்பில் குர்ஆன் ஓதப் பழகியவள். தண்ணீர் ஓடுவதுபோல வாசிப்பாள், ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. உங்கள் இருவரையும் ஒட்டவைத்தால் ஒரு நல்ல மாணவி கிடைப்பாள் என்று ஆசிரியர் சொல்வார். அவளும் பிக்கரிங்கில்தான் இருந்தாள். காலை ரெயிலில் ஒன்றாகப் போவோம்.

அரபி பேசுகிற இடமாகத் தேடிப் போய்க் காதைப் பழக்குங்கள் என்று ஆசிரியர் ஒருநாள் சொன்னார். நான் தேடிப் பிடித்தது ஓர் அரபுப் பூசை. ஈராக்கிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகலில், ஒரு கோயிலில் நடந்தது. போய்ப் பின்வரிசையில் இருந்தேன். அதிசயம், எல்லாம் விளங்கியது! எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலில் நிற்பது, ஃபாதர் என்ன சொல்கிறார், சனம் என்ன பதில் சொல்கிறது, ஒன்றும் தப்பவில்லை. நானும் சனத்தோடு சேர்ந்து அரபியிலேயே பதில் சொன்னேன். அரபி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே மிதப்பு. பூசை எந்தப் பாஷையிலும் ஒரே பூசைதான், அதை நான் மன்னாரில் பால்பல்லோடு பாடமாக்கியவள் என்பது அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். கறுப்புச் சட்டையும் கடும் சிவப்பு உதட்டுச் சாயமுமாக ஓர் அம்மா என்னிடம் வந்து படபடவென்று பேசத் தொடங்கினார். ஒரு சொல் விளங்கவில்லை. உள்ளே அத்தனையும் விளங்கியவள் வெளியே வந்து விளங்கவில்லை என்று சொல்ல என் மானம் இடம் தரவில்லை. "நஅம்" என்றேன். அரபியில் ஆம் என்று அர்த்தம். அவர் இன்னும் பேசினார். "நஅம், நஅம்" என்று தலையையும் ஆட்டினேன். அவருடைய கண் கலங்கியது. நான் தலையாட்டுவதை நிறுத்தினேன்.

அவருடைய மகள் வந்து ஆங்கிலத்தில் எனக்கு நன்றி சொன்ன பிறகுதான் நான் எதற்குத் தலையாட்டினேன் என்று தெரிந்தது. அடுத்த மாதப் பூசை அந்த அம்மாவின் கணவருடைய நினைவுப் பூசை. அதில் பைபிள் வாசகம் வாசிக்க நான் சம்மதித்திருக்கிறேன்! பிள்ளை வயதில் ஒருவர் வாசிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவருடைய பிள்ளைகள் இங்கே வளர்ந்தவர்கள், அரபி எழுத்துத் தெரியாது. போன வருடம் மகன் ஆங்கிலத்தில் வாசித்தாராம். "அந்த மனுஷனுக்கு இங்கிலீஷ் விளங்காது, அவர் எப்படிக் கேட்டிருப்பார்?" என்று அம்மா வீடு போகும்வரை அழுதாராம். பின்வரிசையில் ஓர் இளம் பெண் பூசை முழுவதும் அரபியில் பதில் சொல்வதைக் கண்டதும் ஆண்டவரே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த அம்மா என் கையை விடவில்லை.

வாசகம், பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் ஒரு பகுதி. அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ரெயிலில் என் சிநேகிதியிடம் சரணடைந்தேன்.

"இது உங்கட புக் எல்லோ? நான் சொல்லித்தரலாமோ தெரியா. வெயிட், உம்மாட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். அடுத்த நாள் தீர்ப்போடு வந்தாள். "மௌத்தாப் போன ஆளுக்குச் செய்ற நல்ல காரியமாம். ஹெல்ப் பண்ணட்டாம்."

அன்றிலிருந்து ரெயில்தான் எங்கள் பள்ளிக்கூடம். "இந்த இடத்தில இழுக்கணும். நோ, இன்னும் இழு. இப்ப கொஞ்சம் மூக்கால. யெஸ்!" என்று இருக்கையின் கைப்பிடியில் தட்டித் தட்டிச் சொல்லித்தந்தாள். ஒருநாள் எதிரே இருந்த வெள்ளைக்காரர் மடிக்கணினியை மூடிக்கொண்டு நாலு வரிசை தள்ளிப் போய் இருந்தார்.

"அங்கிள் பயந்துட்டார்" என்றாள் அவள். "பைபிள்தான் எண்டு சொல்லட்டா?"

வகுப்பில் நாங்கள் இரண்டு வரிக்கு மேல் வாசித்ததில்லை. முழு வாசகத்தைச் சபையில் வாசிப்பதென்றால் இப்படித்தான் போலும் என்று நான் நம்பினேன். அவளுக்கும் அதைத் தவிர வேறு முறை தெரியாது. எனக்குப் பாட்டுக் காது. அவள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு சின்னம்மாவே காரில் கூட்டிக்கொண்டு போனார். என்னை வேவு பார்க்கத்தான், வேறென்ன? பூசை தொடங்கியதும் ஃபாதர் "அல்லாஹ்" என்றார். சின்னம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"என்ன பிள்ளை, சுவாமி இப்பிடிச் சொல்லுறார்?"

"கடவுளுக்கு அவையளின்ர பாஷையில உதுதான் சொல், சின்னம்மா."

மணிக்கட்டை விட்டார். பிறகு பூசையின் ஒழுங்கு பிடிபட்டிருக்க வேண்டும், சனத்தோடு சேர்ந்து தமிழிலேயே சத்தமாகப் பதில் சொல்லத் தொடங்கினார்.

என் முறை வந்தது. முதல் வரி சரியாகப் போனது. இரண்டாம் வரியில் பழகியபடி இழுத்தேன், மூக்கால் ஒலித்தேன். சபையில் தலைகள் நிமிர்ந்தன. ஃபாதரின் புருவம் மேலே போனது. முன்வரிசையில் ஒருவர் மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பவுலின் திருமுகத்தைக் குர்ஆன்போல ஓதிக்கொண்டிருக்கிறேன்! நிறுத்தவும் முடியாது, வேறு மாதிரி வாசிக்கவும் தெரியாது. காது சுடச்சுடக் கடைசி வரிவரை ஓதினேன். இடையில் ஒருதரம் பார்த்தேன், அந்த அம்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். போச்சு, இந்த வருடமும் அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் மேலங்கியை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். வாசலில் பிடித்துக்கொண்டார். இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்து அழுதார், சிரித்தார், பேசினார். மகள்தான் மொழிபெயர்த்தார்.

பாக்தாத்தில் அவர்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அடுத்த வீட்டுக்காரர் விடியற்காலையில் ஓதுவார். கணவர் தினமும் அந்த மனிதனைத் திட்டிக்கொண்டே எழும்புவாராம். கனடா வந்த பிறகும் அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டு, சத்தமே இல்லாத இந்த ஊரில் மனுஷன் எப்படித் தூங்குவது என்று சாகும்வரை முறைப்பட்டாராம்.

"இண்டைக்கு அவருக்கு நல்லாக் கேட்டிருக்கும் எண்டு அம்மா சொல்றா" என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் சின்னம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. யார் வாசிக்கப் பழக்கியது என்று அம்மா கேட்டார். சொன்னேன். உள்ளே போய் வீட்டில் செய்த பேரீச்சம்பழ பிஸ்கட் ஒரு பெட்டி கொண்டுவந்து, அவளுக்கு என்று தந்தார்.

வரும் வழியில் செபக்கூட்டத்துத் தோழி காரின் தொலைபேசியில் அழைத்தார். "இல்லையடி, பிரெஞ்சு இல்லை, அரபி" என்றார் சின்னம்மா. "அரபிப் பூசையில வாசிச்சவள். ஓம், சோக்கா வாசிச்சவள்."

திங்கட்கிழமை ரெயிலில் பெட்டியைச் சிநேகிதியின் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

"அப்ப அந்த பாக்தாத் அங்கிள்," என்றாள், "எங்கட ஓதலுக்குத் திரும்ப ஒருக்கா ஏசிட்டு எழும்பியிருப்பார், என்ன?"