பாட்டு டீச்சருக்குச் சுருதி இறங்கியது

இன்று காலை பெருந்துறைப் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர்.

அவர்கள் பள்ளியில் பாட்டு வகுப்புக்கும் வீட்டுப்பாடம் உண்டாம். டீச்சர் பாடுவார், காதில் கேட்டதை ஒரு பக்கம் எழுதி வர வேண்டும்.

“மூணாவது வரில டீச்சருக்குச் சுதி எறங்கிருச்சுன்னு எழுதிப்போட்டேன் புள்ள,” என்றாள் ஒருத்தி.

“தொலஞ்ச போ! கிழிச்சுப்போட்டு வேற எழுது.”

“கேட்டதத்தான எழுதச் சொன்னாங்க?”

அடுத்த நிறுத்தத்தில் அந்த டீச்சரே ஏறினார். தோழி சும்மா இருப்பாளா? “டீச்சர், இவ உங்களப் பத்தி எழுதியிருக்கறாளுங்க!”

டீச்சர் கம்பியைப் பிடித்தபடியே தாளை வாங்கிப் படித்தார். எழுதியவள் நிமிரவே இல்லை.

“எறங்குச்சுன்னா எந்த எடத்துலன்னும் எழுதோணுமல்ல, கண்ணு?”

பேருந்தில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த வரியை மெல்லப் பாடினார். “இப்பச் சொல்லு.”

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். “வரி முடியற எடத்துலீங்க. இப்பவும் கொஞ்சம் எறங்குதுங்க.”

பேருந்தே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி பாடினார்.

“இப்பச் சரிங்க, டீச்சர்.”

“அதையும் சேர்த்து எழுது,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

செய்தியாளனாக, நான் எழுதியதை மறுத்து வந்த எத்தனையோ கடிதங்களைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு நேர்மையான பதிலைப் பார்த்ததில்லை.

இந்த மின்னஞ்சல் குழுவில் கச்சேரி விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. எழுதியதைப் பாடியவர் கையிலேயே கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் இருந்ததுண்டா?