ரெண்டாள் மெஷினும் முடியளவு ஒயரும்

நரம்புக்குப் பக்கத்தில் ஒயர் வைப்பது டாக்டர் வேலை. வைத்த பிறகு அந்த ஒயரோடு குடித்தனம் நடத்துவது நோயாளியும் நானும்தான்.

தீராத வலிக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாத்திரை, ஊசி, தைலம், உருவிவிடுதல், விபூதி, ஜெபம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, கடைசியில் "வலியோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்" என்ற புத்திமதியோடு வீடு திரும்பியவர்கள் நீங்கள். உங்களைப் போன்ற சிலருக்குத்தான் முடியைப் போல மெல்லிய ஒயர் ஒன்றைத் தோலுக்கடியில், வலிக்கும் இடத்து நரம்பின் அருகே வைக்கிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் சின்ன மெஷின் அதற்குள் மின்துடிப்பை அனுப்பும். வலி இருந்த இடத்தில் ஒரு சுருசுருப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் சில வாரங்களுக்குத் தற்காலிக ஒயர். வலி நன்றாகக் குறைந்தால் நிரந்தரமாக ஒன்று வைப்பார்கள். குறையாவிட்டால் உருவி எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சுருசுருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் என் பிழைப்பு. ஈப்போ டவுனிலிருந்து மலையேறி, பிரிஞ்சாங் என்ற மலையூரில் ஒரு கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்திருப்பேன். அத்தனை வளைவிலும் வண்டி ஓட்டி என் இடுப்பு என்ன ஆகியிருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் யார்?

மாரிமுத்து அண்ணன் முதல்நாள் தனியாக வரவில்லை, சூசை அண்ணனோடு வந்தார். இருவரும் ஒரே தேயிலைத் தோட்டம். தேயிலை வெட்டும் ரெண்டாள் மெஷின் பிடிப்பவர்கள். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மெஷினைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கத்தி செடியின் தலைமேல் ஓட, இருவரும் ஒரே நடையாக நடக்க வேண்டும். ஒருவர் தும்மினால்கூட மற்றவர் நின்றாக வேண்டும். ஒருவர் கோயில் கமிட்டி, இன்னொருவர் சர்ச்சில் பாடுபவர். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையல்.

சில வருடத்துக்கு முன் விழுந்த அடியில் மாரிமுத்து அண்ணனின் வலது தோள் எலும்பு உடைந்து, ஆபரேஷன் நடந்து, எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மெஷினைச் சரிபார்க்கிற ஆள் என்று விளக்கினேன். நோயாளி தலையாட்டினார். கூட வந்த சூசை அண்ணன்தான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க மெஷினுக்கு ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன் இருக்கான், அந்த மாதிரின்னு சொல்லுங்க. சரி மிஸ்ஸி, பாருங்க."

மலைமேல் நர்ஸைத்தான் மிஸ்ஸி என்பார்கள். நான் திருத்துவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பரவால்ல

"வலி எவ்வளவு? ஒண்ணுமே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து" என்று கேட்பது எங்கள் வழக்கம். மாரிமுத்து அண்ணன் "பரவால்ல மிஸ்ஸி" என்றார். நம்பர் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து "ரெண்டு" என்றார். அந்த மனிதரால் தன் ஜாக்கெட்டைத் தானே கழற்ற முடியவில்லை. சூசை அண்ணன்தான் சின்னப் பிள்ளைக்குக் கழற்றுவதுபோல வலது கையை மெதுவாக உருவிவிட்டு, ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். வாசலில் நின்றவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது ரெண்டு இல்லை. டாக்டரும் அந்த ரெண்டை நம்பாமல்தான் ஒயருக்குச் சம்மதித்தார்.

தோட்டத்தில் வலி என்று வாய்திறந்தால் லைட் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். நாற்றுப் பையில் மண் நிரப்பலாம், பேக்டரி வாசலைப் பெருக்கலாம். மெஷினின் இந்தப் பக்கத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். வேலையை மேற்பார்க்கிற கங்காணி ஏற்கெனவே அப்படி ஒரு பேச்சு எடுத்திருந்தாராம். இவருக்குப் பயமெல்லாம் அதுதான். "டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினேன். அதற்கு அவர் சொன்ன பதில்:

"வலின்னு சொன்னா மெஷின்ல இருந்து எறக்கிடுவாங்க. வலிக்கலன்னு சொன்னா நீங்க ஒயர் வைக்க மாட்டீங்க. நடுவுல என்னா நம்பர் இருக்கோ, அதப் போட்டுக்குங்க."

தைலம்

ஒயர் வைத்து அனுப்பியபோது ஒன்றைத் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் சொன்னோம்: இந்தச் சில வாரம் கனம் தூக்கக்கூடாது, தேயிலை மெஷின் பக்கமே போகக்கூடாது, ஒயர் நகர்ந்துவிடும். எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பும் கொடுத்தாயிற்று. சில நாளில் அவர் மனைவி சரசு அக்கா போன் செய்தார், தோளில் ஒட்டிய மெஷின் நிற்காமல் விழுகிறதென்று. போய்ப் பார்த்தால், தோட்டத்து வரிசைவீடான லயத்தின் வாசலிலேயே தைல வாசனை மூக்கைத் துளைத்தது. தினமும் குளித்ததும் தோள் முழுக்கத் தைலம் தேய்த்து, அதன்மேல் மெஷினை ஒட்டியிருக்கிறார்கள். எண்ணெய்மேல் எது ஒட்டும்?

தைலத்தை நிறுத்தச் சொன்னதும் சரசு அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. இத்தனை வருடமாக அவர் புருஷனுக்குச் செய்ய முடிந்த ஒரே வைத்தியம் அது. தைலப் புட்டியை மூடிக்கொண்டே தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "கரண்ட் உள்ளாற வேல செய்யட்டும், தைலம் மேல வேல செய்யட்டும். ரெண்டுக்கும் என்னா சண்ட லா?"

ரிமோட்

அதே நாள் கீழிறங்கும் வழியில் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் ஜெயா அக்காவைப் பார்த்தேன். அவருக்கு முழங்காலில் ஒயர். கூட்டிக் குறைக்க ஒரு ரிமோட் கொடுத்திருந்தேன். அதை டிவி ரிமோட்டோடு சேர்த்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்பவர் அவர் கணவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உங்கள் உடம்பு, உங்கள் ரிமோட், உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நடுக்கடையில் பிரசங்கம் செய்தேன். ஜெயா அக்கா பழத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"சண்ட போட்டா, என் வலி கொறையட்டும்னு ஒரு படி கூட்டி வைக்கிறாரு மிஸ்ஸி. வாயத் தொறந்து சாரி சொல்ற ஆளா அது? இருக்கட்டும், அவருகிட்டயே இருக்கட்டும்."

பச்சைக் கறை

தற்காலிக ஒயரின் கெடு முடிந்து, மாரிமுத்து அண்ணனுக்குத் தீர்ப்பு நாள் வந்தது. டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி, பொறுமைசாலி. நான் நடுவில் மொழிபெயர்ப்பு. எப்படி இருக்கிறது என்றார். "பரவால்ல." நம்பர்? "ரெண்டு." முதல்நாளும் ரெண்டு, இன்றும் ரெண்டு. வித்தியாசமே இல்லையென்றால் நிரந்தர ஒயருக்கு வழியில்லை. டாக்டர் இன்னொரு தடவை கேட்டார், இன்னொரு ரெண்டு வந்தது. பெருமூச்சு விட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார். ஒயரை எடுக்க நான் பிளாஸ்திரியை உரிக்க ஆரம்பித்தேன்.

ஓரத்தில் பசையோடு பசையாகப் பச்சைக் கறை, பொடிப்பொடியாக நறுக்கின தேயிலைத் துணுக்கு. எம்.சி.யில் வீட்டில் இருப்பவர் தோளில் இது எப்படி வரும்? "அண்ணே, மெஷின் பிடிக்கப் போனீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவு கோபம். கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஆள் பற்றாக்குறையில் கங்காணியும் எம்.சி.யைப் பற்றி எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் என்னைப் பார்த்து மிக நியாயமான குரலில் கேட்டார்:

"மெஷின ரிப்பேர் பண்ணா, ஓட்டிப் பாக்காமயா மிஸ்ஸி வாங்குவீங்க?"

மறுபக்கம்

அப்போதுதான் அந்த ரெண்டின் கதை புரிந்தது. குறைந்துவிட்டது என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்போம். வேலைக்குப் போனது வெளியே வரும். சொல்பேச்சு கேட்காததற்கு ஒயரைப் பிடுங்கிவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். பழைய நம்பரையே சொன்னாலும் ஒயர் போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. வாசலில் ஜாக்கெட்டோடு நின்ற சூசை அண்ணனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டார். "அவன் சொல்ற நம்பர எழுதாதீங்க மிஸ்ஸி. இவன் விழுந்ததுல இருந்து இவன் பக்கம் மெஷின் எறங்கித்தான் போவும். வெட்டு சாஞ்சி சாஞ்சி விழும். கங்காணி கத்துவாரு. நான் ஒசத்திப் புடிச்சிட்டேன், எம்மேலதான் தப்புன்னு சொல்லிருவேன். போன வாரம் வெட்டுன நெரைய வந்து பாருங்க, வெட்டு தட்டையா நிக்கிது. மத்தியானம் என்ஜின ஆப் பண்ணி வச்சிட்டேன், இவன் தோள்ல சுருசுருன்னு இருக்கவும் இன்னும் ஆப் பண்ணலயாடான்னு என்னைய ஏசுறான்."

ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஸ்கேன் வைத்துப் பார்த்தார், ஒயர் நல்லகாலமாக வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு இருவரையும் நிற்கவைத்து ஏசினார், அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நிரந்தர ஒயர் உண்டு, காயம் முழுதாக ஆறும்வரை மெஷின் கிடையாது, அதுவரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று தோட்டத்துக்கு நானே போன் செய்கிறேன் என்றார்.

கிளம்பும்போது சூசை அண்ணன் பழக்கத்தில் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தார். மாரிமுத்து அண்ணன் அதை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். வலது கை மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது. ஜிப்பை இழுத்துவிட்டு, நண்பனின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "கனமான பக்கம் என்ஜின் பக்கம். நான் விழுந்தப்புறம், அங்க காத்து நல்லா வருதுன்னு சொல்லித்தானடா எங்கிட்ட இருந்து மாத்திக்கிட்ட?"

சூசை அண்ணன் கதவைத் திறந்தார். "என்ஜின்ல என்னாடா காத்து? பொகதான் வருது."

இன்னொருவர்

நிரந்தர ஒயர் வைத்தாயிற்று. வலி அடியோடு போகவில்லை, பாதிக்குமேல் போயிருக்கிறது. காயம் ஆறி, மாரிமுத்து அண்ணன் மறுபடி மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் ஒரு மழைநாளில் இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தவர் சூசை அண்ணன். இரண்டு பேர் கனத்தை ஒரே தோள் சுமந்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. வலி எவ்வளவு என்று கேட்டேன். "பரவால்ல மிஸ்ஸி" என்றார்.

நண்பனின் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்த மாரிமுத்து அண்ணன் சொன்னார்: "எட்டு போட்டுக்குங்க மிஸ்ஸி. என்ஜின் பக்கத்த மாத்திக்கலாம்டான்னா கேக்க மாட்டேங்கிறான். இன்னும் காத்து வருதாம்."

அன்றிலிருந்து வலி எவ்வளவு என்று நோயாளியிடம் நான் கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். பதிலுக்குப் பார்ப்பது, ஜாக்கெட்டோடு வாசலில் நிற்பவரின் முகத்தை.