சோதனைச் சாவடியில் தூக்குக்குண்டு

அலுவிகாரையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள். சோதனை வரிசையில் எனக்கு முன்னால் முத்தையா பாஸ் நிற்கிறார். கட்டட மேசனை இங்கே பாஸ் என்றுதான் அழைப்பார்கள்.

"பையில என்ன பாஸ்?" என்று கேட்கிறேன்.

"சாந்துக் கரண்டி, நூலு, குண்டுங்க."

பைகளைச் சோதிக்கும் சிப்பாய் பக்கம் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிகிறேன். "அந்தச் சொல்லை மெதுவாச் சொல்லுங்க!"

"சுவர் நேரா நிக்குதான்னு பார்க்கிற குண்டுங்க. வேற எப்படிச் சொல்றது?"

சாந்து சுமக்கப் போன இடத்தில் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். பல்லேபொலப் பக்கத்துத் தன் ஊருக்குக் கிணறும் சிறு பாலமும் கட்டிக் கொடுத்திருக்கிறார். இன்று பள்ளிக்கூடச் சுவரைத் தொடங்கப் போகிறார்.

சிப்பாய் பையிலிருந்து பித்தளைக் குண்டை எடுக்கிறான். உடனே துப்பாக்கி பாஸ் பக்கம் திரும்புகிறது. இது என்ன என்று சிங்களத்தில் கத்துகிறான். வரிசை பின்வாங்குகிறது.

பாஸ் சிங்களத்திலேயே விளக்குகிறார். பிறகு அனுமதி கேட்டு, சாவடியின் புதுச் சுவரோரம், சிப்பாயின் நாற்காலிக்குப் பக்கத்தில், நூலைத் தொங்கவிடுகிறார். குண்டு ஆடி நிற்கிறது. அடியில் சுவருக்கும் குண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. சுவர் முன்னால் சாய்ந்திருக்கிறது, பெருமழைக்கு விழும் என்கிறார்.

சிப்பாய் இடைவெளியையே பார்க்கிறான். துப்பாக்கியைத் தாழ்த்திப் பையைத் திருப்பிக் கொடுக்கிறான்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்கிறேன். "தப்பிச்சா போதும்னு இருக்காம, அதை ஏன் சொன்னீங்க?"

"அந்தச் சிப்பாய்ப் புள்ள நாளெல்லாம் அதுக்குக் கீழதானேங்க உட்கார்ந்திருக்கு."

பஸ் நகர்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். சிப்பாய் தன் நாற்காலியைச் சுவரை விட்டுத் தள்ளி இழுத்துப் போடுகிறான்.