எட்டாவது குரல்

ஏலத்தோட்டத்தில் செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காயோ தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குத்தவைத்துக் காய் எடுக்கிறவள் பக்கத்துச் செடிக்காரிக்கே தெரியமாட்டாள். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருத்தி கூவுவாள், மற்றவர்கள் வரிசையாகப் பதில் கூவ வேண்டும். ஒரு குரல் குறைந்தால் கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடுவார்கள். வழுக்கி விழுந்தவள், பாம்பு கடித்தவள் என்று என் அம்மா அப்படி மூன்று பேரைத் தூக்கி வந்திருக்கிறாள்.

அந்தப் பழக்கத்தை நான் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனேன். நான் ராணுவத்தில் மேஜர். அமைதிகாக்கும் படையில் பெண்களின் ரோந்துக் குழு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு கிராமத்தில் ஏழு பெண்கள் விறகுக்காகத் தலைக்கு மேல் வளர்ந்த புல்லுக்குள் போவார்கள். அப்படிப் போகிறவர்களைத் துப்பாக்கிக்காரர்கள் தூக்கிப்போவது அந்தப் பக்கம் நடப்பதுதான். தினமும் துணைக்குப் போக எங்களிடம் ஆள் இல்லை. எனவே கூவிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். சிரித்துச் சிரித்துப் பழகினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அறிக்கையில்கூட எழுதிவைத்தேன்.

விடுமுறையில் வந்த நாலாம் நாள், குரங்கணிக்கு மேலே அம்மா வேலை செய்யும் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனேன். ஜீப்பை விட்டு இறங்கி நிற்கும்போது கூவல் ஆரம்பித்தது. ஒருத்தியும் கண்ணில் படவில்லை. ஆனால் குரலை வைத்தே இடம் தெரிந்தது. பாறைக்குக் கீழே ஒருத்தி, ஓடை ஓரம் இரண்டு பேர், எல்லோரையும் விட்டு விலகித் தனியாக என் அம்மா. பென்சில் இருந்தால் வரைபடத்தில் புள்ளி வைத்திருப்பேன். வெளியே நின்று கேட்கிற எவனுக்கும் இது தெரியும் என்பது, இத்தனை வருடம் பயிற்சி எடுத்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜீப் சத்தம் கேட்டு, எனக்காகத் தனியாக ஒரு முறை கூவினாள் அம்மா. எனக்கு வாய் வரவில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? பதறியடிச்சு வர்றேன்ல!"

"நீங்க கூவுறத வேற யாராச்சும் கேட்டா என்னம்மா ஆகும்?"

"கேட்டாக் கேக்கட்டும். இங்க நம்மள யாருடி தேடி வரப்போறா?"

தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. சோற்றுத் தூக்கை அவள் கையில் திணித்துவிட்டு அதே ஜீப்பில் ஏறினேன். "அண்ணே, வெரசாப் போங்க" என்று வழியெல்லாம் டிரைவரை நச்சரித்தேன். போடி பஸ் நிலையத்தில் போன் உயிர்பெற்றதும், ஆப்பிரிக்காவில் எங்களுக்கு மொழிபெயர்க்கும் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். இனி யாரும் கூவ வேண்டாம், உடனே போய்ச் சொல் என்று.

பதில் சீக்கிரமே வந்தது. "காலையிலேயே புல்லுக்குப் போய்விட்டார்கள். நேற்று நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். ஏழு பேரும் கூவி முடித்த பிறகு எட்டாவதாக ஒரு குரல் பதில் சொன்னதாம். புல்லுக்குள் பேய் இருக்கிறது என்று ஒரே சிரிப்பு."

முகாமுக்குப் போன் போட்டேன். உடனே ரோந்து வண்டியை அனுப்பினார்கள், அதில் குறையில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்றைக்குத் திரும்பி வந்தவர்கள் ஆறு பேர். ஏழாமவளின் குரல் நின்றதும், நான் சொல்லிக்கொடுத்தபடியே, விறகைப் போட்டுவிட்டு எல்லோரும் அவளைத் தேடி ஓடியிருக்கிறார்கள். அவள் இருந்த இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அவர்களுக்கு முன்னால் போனவர்களுக்கும் தெரிந்திருந்தது.