வாலைத் திருப்பினா தெரியும்

எங்க பக்கம் பாம்பை அடிச்சா மொதல்ல தலையை நசுக்கணும். லேசா இல்ல, கல்லை வெச்சுக் கூழாக்கணும். அடிச்சவன் மொகம் அதோட கண்ணுல பதிஞ்சிடுமாம், ஜோடிப் பாம்பு வந்து அதைப் பார்த்துப் பழி வாங்குமாம். இதைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். பாம்புக்கு இன்னா தெரியும் பழி வாங்க? எலி தேடவே அதுக்குப் பொழுது பத்தல. பழி வாங்கணும்னா ஒரு மொகத்தை நாலு வருஷம் மறக்காம வெச்சிருக்கணும். அது என்னால முடிஞ்சுது.

அந்த மொகம் பாகூர்ல உரக்கடை வெச்சிருக்கிறவரோடது. சின்ன வயசுலேர்ந்து மாமான்னு கூப்புட்ட மனுஷன். ‘அவர்’னு எழுதறேன், வாயில என்னமோ ‘அவன்’னுதான் வருது. சுத்துப்பட்டுல யாரைப் பாம்பு கடிச்சாலும் ஆஸ்பத்திரிக்கு முன்னாடி அவர் கடைக்குத்தான் ஓடுவாங்க. அடிச்ச பாம்பை யூரியாப் பையில போட்டு வாயைக் கட்டி எடுத்துக்கிட்டுப் போகணும். அவர் பார்த்து ‘விஷம்’னா வண்டி புடிப்பாங்க. ‘சும்மா பாம்பு’ன்னா வூட்டுக்குத் திரும்பிடுவாங்க. இந்த அறிவு அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. பூச்சிமருந்து விக்கிறவருக்குப் பாம்பும் தெரியும்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். அந்த முட்டாள்தனத்துல எங்க வூட்டுக்கும் பங்கு உண்டு.

என் தம்பி திருபுவனையில ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை பார்த்தான். ஐப்பசி மழை நேரம். தரையில பாய் போட்டுப் படுத்திருந்தவன் விடிகாலையில “கால்ல இன்னாவோ சுருக்குன்னுச்சு”ன்னு எழுந்தான். போர்வையை உதறினா கறுப்பா, மேல வெள்ளைக் கோடு போட்டு, ஒரு முழத்துல ஒண்ணு விழுந்துச்சு. அம்மா ஒலக்கையாலேயே அதோட தலையை நசுக்கிட்டாங்க. கால்ல வீக்கம் இல்ல, வலியும் இல்ல. அப்பா பையைத் தூக்கிக்கிட்டு உரக்கடைக்குப் போனாரு. அரை மணி நேரத்துல திரும்பி வந்து, “மாமா உள்ள எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டாரு. விஷமில்லியாம். சுடுதண்ணி குடுத்துத் தூங்க வைன்னாரு”ன்னு சொன்னாரு. பாம்பை வர்ற வழியிலேயே வரப்புல போட்டுப் பையோட கொளுத்திட்டாரு.

தம்பி தூங்கினான். எட்டு மணிக்கு வயித்து வலின்னான். ஒம்போது மணிக்கு இமையைத் தூக்க முடியல, ‘அக்கா’ன்னு கூப்புட்டதே கொழகொழன்னு வந்துச்சு. எச்சிலைக்கூட முழுங்க முடியாம என் கையைப் புடிச்சுக்கிட்டான். கார் புடிச்சுப் பாண்டிக்குக் கொண்டு போனோம். அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள போயிட்டான்.

செத்ததுகூட ஒரு பக்கம். காரியம் முடிஞ்ச வாரமே அந்த மனுஷன் கடையில ஒக்காந்துக்கிட்டு, “கண்ணு சொருகறது, நாக்கு கொழர்றதெல்லாம் பாம்பு பண்ற வேலையா? பையன் முட்ட முட்ட ஊத்திக்கிட்டு வந்து படுத்திருப்பான்”னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொன்னாரு. தெருவுக்குத் தெரு ஒயின் ஷாப் இருக்கிற ஊர் இது. பாண்டிச்சேரிக்காரன் குடிச்சுச் செத்தான்னா எவன் மறுகேள்வி கேப்பான்? தம்பிக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு வூட்டுல, “நல்லவேளை, தப்பிச்சோம்”னாங்களாம். அடப்பாவிங்களா! கல்யாண வூட்டுல சீசாவைக் கண்டா எழுந்து போறவன்டா என் தம்பி!

அன்னிக்கு முடிவு பண்ணேன். ‘அவன் குடிக்கல, நான்தான் தப்பாப் பார்த்தேன்’னு அந்த ஆள் வாயாலேயே நாலு பேர் முன்னாடி சொல்ல வைக்கணும். அதுக்கு மொதல்ல அவரைவிட எனக்குப் பாம்பு தெரியணும்.

போன்ல பாம்பு பார்த்துச் சொல்ற குரூப் ஒண்ணுல சேர்ந்தேன். ஊர்ல அடிபட்டதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவேன். “தலை தெளிவாத் தெரியற மாதிரி அனுப்புங்க”ம்பாங்க. தலையா? எங்க ஊர்ல தலைக்கு எங்க போறது! கண்ணு எப்படி, பல்லு எப்படி, மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல எத்தனை செதில்னு புஸ்தகத்துல போட்டிருக்கிறதெல்லாம் எனக்கு நசுங்கித்தான் வந்துச்சு. அதனால நான் பின்னாடிலேர்ந்து படிச்சேன்.

தம்பிக்கு வந்த வீங்காத கடி, சொருகின கண்ணு எல்லாம் கட்டுவிரியனோடதுன்னு அங்கதான் தெரிஞ்சுது. அதுக்கு வெள்ளைக் கட்டு, குறுக்கால ஓடற கோடு, தலைகிட்ட இருக்காது, இருந்தாலும் மங்கலா இருக்கும். கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போகத் தெளிவாகும். அதே மாதிரி இருக்கிற இன்னொண்ணுக்கு வெள்ளிக்கோல் வரையன்னு பேரு. விஷம் கெடையாது, பல்லி புடிச்சுத் தின்னுட்டுச் சுவர் சந்துல கெடக்கும். அதுக்குக் கழுத்துலேயே கட்டு பளிச்சுன்னு ஆரம்பிச்சு வால் பக்கம் மங்கிடும். கட்டுவிரியன் முதுகு நடுவுல ஒரே வரிசையா அறுகோணச் செதில் பெருசா ஓடும், மத்ததுக்கு எல்லாச் செதிலும் ஒரே அளவு. இதெல்லாம் கொழப்பினாலும் வால் கொழப்பாது. வாலைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தா, கட்டுவிரியனுக்கு வயித்துல இருக்கிற பட்டை மாதிரியே நுனி வரைக்கும் ஒத்தை ஒத்தையாப் போகும். வரையனுக்கு மலவாய் தாண்டினதும் பட்டை பொளந்து ரெண்டு வரிசையாயிடும். ஊர் பூரா சொல்லி வெச்சேன்: கடிச்சா எந்தப் பாம்பா இருந்தாலும் மொதல்ல ஆஸ்பத்திரி. தலையை நசுக்கித்தான் ஆகணும்னா நசுக்கிக்கோங்க, வாலை மட்டும் எனக்கு வுட்டு வைங்க.

அப்புறம் கடைக்குப் போக ஆரம்பிச்சேன். ஒரு தடவ மணப்பட்டுக்காரர் ஒருத்தர் பையைக் கொண்டாந்தாரு. மாமா எட்டி நின்னு பார்த்துட்டு, “கட்டுவிரியன், தப்பிச்சது உன் புண்ணியம்”னாரு. நான் தொடப்பக்குச்சியால வாலைத் திருப்பி, “ரெண்டு வரிசை இருக்குதே, இன்னா சொல்றீங்க?”ன்னு சத்தமாக் கேட்டேன். போனை எடுத்து எல்லாருக்கும் படத்தைக் காட்டினேன். கடையில நின்னவங்க சிரிச்சாங்க. அவர் மொகம் சுண்டிப்போச்சு. அன்னிக்குச் சாப்பாடு எனக்கு ரொம்ப ருசியா இருந்துச்சு. அதே மாதிரி இன்னும் மூணு தடவ பண்ணேன். பை கொண்டாறவங்க கொறைஞ்சாங்க, அப்புறம் நின்னே போச்சு. ஆனா தம்பியைப் பத்தி அந்த வாய் தொறக்கல.

போன தை மாசம் காலையில எங்க கழனியில கரும்பு வெட்டு. வெட்டாளுங்க எட்டுப் பேர் களத்துல ஒக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க. ஸ்கூட்டர்ல வந்து எறங்கினாரு அவரு. கையில கட்டின பை.

“யம்மா, கொஞ்சம் பாரும்மா. ஷெல்ஃபுலேர்ந்து ஸ்கூல் பையை எடுத்தா, உள்ளேர்ந்து பேத்தி வெரலைக் கடிச்சிடுச்சு.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“பையன் அப்பவே கொண்டு போயிட்டான், பெட்டுல சேர்த்துட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. இது இன்னான்னு மட்டும் சொல்லு.”

பையைப் பிரிச்சேன். தலை கூழ். கழுத்துலேயே கட்டு பளிச்சுன்னு இருந்துச்சு. வாலைத் திருப்பினேன். ரெண்டு வரிசை. வரையன்தான், கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லல.

“கட்டு கழுத்துலேயே இருக்குதே, நல்லதுதானே?”ன்னாரு.

“கட்டுவிரியன் குட்டியா இருந்தா அதுக்கும் முன்னாடியே இருக்கும்”னேன். அதுவும் உண்மைதான்.

“என் தம்பி குடிச்சிருந்தானா?”

தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “இல்ல”ன்னாரு.

“எனக்குக் கேக்கல. அதோ, அவங்களுக்கும் கேக்கல.”

“குடிக்கலம்மா! உன் தம்பி குடிக்கல! ஊரு என் மொகத்துல காறித் துப்பும்னு பயந்து நான்தான் கதை கட்டி வுட்டேன்.” கை ரெண்டையும் கூப்பினாரு. “போதுமா? இப்பவாவது சொல்லும்மா.”

வெட்டாளுங்க டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. எனக்கு நெஞ்செல்லாம் குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதோட வுட்டிருக்கலாம். ஆனா பாதிதான் வந்திருக்கு, மீதியும் வேணும்னு தோணுச்சு.

“அன்னிக்கு எங்க அப்பா கொண்டாந்ததுல எதைப் பார்த்து விஷமில்லன்னீங்க? வெள்ளைக் கட்டையா, வாலையா?”

பையை இழுத்து வாயைக் கட்டப் பார்த்தாரு.

“கேக்கறேன் இல்ல?”

“பார்க்கலம்மா.”

“இன்னாது?”

“லாரியில லோடு எறங்கிட்டிருந்துச்சு. சின்னதுதான்னு உங்கப்பா சொன்னாரு. பையை உள்ள கொண்டு போய் மூட்டை மேல வெச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தாந்து குடுத்துட்டேன். பிரிக்கல.”

நாலு வருஷமா அந்த ஆள் தப்பாப் பார்த்தார்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இந்தச் செதிலைப் பார்க்கத் தெரியல, அந்தக் கட்டைக் கவனிக்கலன்னு, ஒவ்வொரு பாம்பைத் திருப்பறப்பவும் அவரோட தப்பைத்தான் தேடினேன். அவர் எந்தத் தப்பும் பண்ணல. முடிச்சையே அவுக்கல. என் தம்பி உசுரு மூட்டை மேல கெடந்திருக்கு, அவர் லோடு எண்ணிக்கிட்டு நின்னிருக்காரு.

“பேத்திக்கு இன்னாம்மா ஆவும்?”

“டாக்டர் சொல்லுவாரு. போங்க.”

ஸ்கூட்டர் ரெண்டு ஒதையில ஸ்டார்ட் ஆகல, தள்ளிக்கிட்டே ஓடினாரு. வெட்டாளுங்கள்ல இருந்த ஒரு அக்கா என்கிட்ட வந்து, “கொழந்தைக்கு ஆபத்தாடி?”ன்னு கேட்டாங்க.

“இல்லக்கா. விஷமே கெடையாது.”

“அடிப்பாவி! அதைச் சொல்லி அனுப்பக் கூடாதாடி?”

சொல்லியிருக்கலாம், ரெண்டு வார்த்தைதான். என் தம்பி சாகறதுக்கு ஒரு காலைப்பொழுது ஆச்சு. அவரும் ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரியில அந்தக் கொழந்தை இமையையே பார்த்துக்கிட்டு இருக்கட்டும்னு வுட்டுட்டேன். சாயங்காலம் டாக்டர் சொல்ற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாம ஒக்காந்திருந்தாராம். கேட்டப்ப எனக்குப் பாவமா இல்ல. இன்னிக்கும் இல்ல.