பின்னால் வரும் காருக்கு ஒரு ரேடியோ

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதியும் அதிகம்.

மராத்தி பேசும் ஊரான ஹடப்சரில் என் மகன் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஒருநாள் ஒட்டிய கன்னமும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் வாசலிலேயே நின்றார். இங்கே இறந்துபோகிற தமிழர்களின் உடலை ஊருக்குக் கொண்டுபோகும் வண்டியின் டிரைவர்.

"உள்ள வாங்க காகா" என்றான் மகன். இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எந்தக் கடைக்குள்ளயும் போறதில்ல தம்பி. எனக்கும், பின்னால வர்ற சொந்தக்காரங்க காருக்கும் பேசுற ரேடியோ வேணும். மலை ரோட்டுல போன் கிடைக்காது."

டேஷ்போர்டில் திருகி மாட்டும் செட்டை மகன் காட்டினான்.

"அடுத்தவங்க கார்ல ஓட்டை போட விடுவாங்களா?"

கூரையில் காந்தத்தால் ஒட்டும் ஏரியலும், ஒரு பிடியில் சொருகிக் கழற்றும் செட்டும் எடுத்து வந்தான்.

"மைக் வயர் பின் சீட்டுக்கு எட்டுமா? அழுறவங்க முன்னால உட்கார மாட்டாங்க."

எட்டும் என்று மகன் வயரை இழுத்துக் காட்டினான். கூச்சத்தை விட்டு நான் கேட்டேன். "அதுல என்னத்தப் பேசப் போறாங்க?"

"போன தடவை ஒரு அம்மா வந்தாங்க. பெத்த மகன் என் வண்டியில. அவங்க கார் ஹாரன் அடிச்சிக்கிட்டே வந்துச்சு. சீக்கிரம் போகச் சொல்றாங்கன்னு இன்னும் விரட்டிட்டேன். ஊர்ல இறங்கி, 'மெதுவாப் போயிருக்கக் கூடாதா, எம் புள்ள குலுங்கியிருப்பானே'ன்னாங்க."

செட்டை வாசலில் நின்றே வாங்கிப் போனார்.

செட்டைப் பற்றி எழுதியதில் தப்பிருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்த அம்மா சொன்னதை மட்டும் மாற்ற வேண்டாம்.