வசந்தி அக்கா வைத்த இரண்டாவது கதவு

செய்தி வந்தபோது நான் ஒரு கதவை அழித்துக்கொண்டிருந்தேன். திரையில் இருந்தது எங்கள் வாடிக்கையாளர் ரமேஷ் அண்ணா கட்டப்போகும் வீட்டின் வரைபடம். பிள்ளைகளின் படுக்கையறையிலிருந்து நேரே வெளியே திறக்கும் கதவு. அந்த இடத்தில் அலமாரி வேண்டும் என்று அவர் வெகுநாட்களாகக் கேட்டுவந்தார். வசந்தி அக்கா மறுத்துவந்தார். அக்கா மருத்துவமனையில் இருந்த வாரத்தில் அவர் என்னிடம் கேட்டார். நானும் சரி என்றேன். அப்போதுதான் அக்காவின் கணவர் அழைத்தார். "பிள்ளை, வசந்தி போயிட்டா. விடிய நல்லாத்தான் கதைச்சவ."

உங்களில் பலர் அவரை மெல்பனில் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் கண்டிருப்பீர்கள். நான் அறிந்தவர், யூக்கலிப்டஸ் காட்டை ஒட்டிய சிறு ஊரில், ஐந்து பேர் மட்டுமே உள்ள கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் வசந்தி அக்கா. மெல்பனின் புறநகரான பொயிண்ட் குக்கிலிருந்து இருவரும் ஒரே காரில் போய்வருவோம்.

படிப்பு முடித்து நேராக இத்தொழிலுக்கு வந்தவள் அங்கே நான் மட்டும்தான். முதலாளி முன்பு தச்சர். ஒருவர் கப்பல்களை வடிவமைத்தவர், இன்னொருவர் நாடக மேடைகளை. அலுவலக இணையதளத்துக்காக எல்லோரும் தத்தம் பின்னணியை எழுதிக் கொடுத்தோம். அக்கா தம் வடிவமைப்புப் படிப்பை மட்டும் எழுதினார். அதற்கு முன் பல ஆண்டுகள் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருந்ததை எழுதவில்லை. திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன்.

"வீடு கட்ட வாற சனம் அதை வாசிச்சா பயந்திடும்." சற்றுத் தூரம் போன பின், "அவையளுக்கும் சேர்த்து நான் பயப்பிடுறன். அது போதும்," என்றார்.

உண்மையிலேயே பயந்தார். வடக்கிலிருந்து அனல்காற்று வீசும் நாட்களில் இருக்கையில் அமரமாட்டார். காட்டுத்தீயின் புகை தெரிகிறதா என்று சன்னலருகே நின்று மலையையே பார்ப்பார்.

ஒருமுறை கார் நிறுத்துமிடத்தில் ரமேஷ் அண்ணாவின் வீட்டை முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரைந்தார். அவரைப் பிள்ளைகளின் அறைக்குள் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தவழ்ந்து வெளியேறச் சொன்னார்.

"அக்கா, நான் வீடு கட்ட வந்தேனா, பட்டாளத்துல சேர வந்தேனா?"

"தவழுங்கோ தம்பி. புகைக்குள்ள நிமிந்து நடக்கேலாது."

அவர் சிரித்தபடியே தவழ்ந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறைச் சுவர்க்கோட்டில் முட்டி நின்றார். கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தால், அவருடைய சிறு பெண்கள் இருவரும் அவர் பின்னாலேயே தவழ்ந்து வந்திருந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நான் கீறுறது ஆக்கள் இருக்கிறதுக்கு மட்டுமில்லை, ஓடுறதுக்கும்," என்று சொல்லி, குனிந்து அந்த அறைக்கு ஒரு வெளிக்கதவை வரைந்தார்.

இறுதிச் சடங்கு முடிந்து அலுவலகம் திரும்பினேன். திரையில் கதவில்லாத அந்த அறை அப்படியே இருந்தது, இரண்டு சிறிய கட்டில்களோடு. கோடை தொடங்கிவிட்டது. இனி எங்களுக்கும் சேர்த்துப் பயப்பட யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவை மீண்டும் வைத்துவிட்டு ரமேஷ் அண்ணாவை அழைத்தேன்.

"அதான் பேசி முடிச்சாச்சேம்மா. அக்காவும் இப்ப இல்லையே."

"ஆமாண்ணா, இல்ல. அதனாலதான் பயமா இருக்கு. அந்தக் கதவு இல்லாம நான் வரைய மாட்டேன்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வார் என்றே காத்திருந்தேன்.

"அப்போ அலமாரிய எங்க வைக்கிறது?" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பயத்தைத்தான். இன்று காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. இதைச் சன்னலருகே நின்றுகொண்டு எழுதுகிறேன்.